யார் விண்ணப்பிக்கலாம்?

வெளிநாட்டுக் கல்வி நிதி பற்றிய அறிவிப்பு ஒன்று கல்லூரிக்கு வந்தால், எல்லோர் கண்ணும் முதலில் தொகைக்குத்தான் போகும். மாதம் எத்தனை யூரோ, விமானச் செலவு சேர்த்தியா, எத்தனை பேர் போகலாம் என்று கேட்டுக்கொண்டு துறைத்தலைவர்கள் என் மேசைக்கு வருவார்கள். நான் அந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் திறப்பேன். யார் விண்ணப்பிக்கலாம், யார் கூட்டாளியாகச் சேரலாம், யார் பயணம் போகலாம் என்ற மூன்றையும் பென்சிலால் கோடிட்டுப் படித்து முடிக்கும்வரை தொகையைப் பற்றிப் பேச மாட்டேன். காவிரிப் படுகையில் உள்ள ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் அயலகத் தொடர்பு அலுவலகத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நம் பிள்ளைகள் வெளிநாட்டு வாய்ப்பை இழப்பதற்கு மதிப்பெண் காரணமாக இருந்ததை அரிதாகவே கண்டிருக்கிறேன். தகுதி விதிகளை அவர்களுக்காக உரிய காலத்தில் யாரும் படித்துச் சொல்லாததே பெரும்பாலும் காரணம்.

மின்னணுவியல் துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை அன்றைய முதல்வர் கூப்பிட்டு, "நீங்க பொறுமையா படிப்பீங்க மேடம், இந்த ஃபைலையும் பாத்துக்குங்க" என்று கொடுத்ததில் தொடங்கியது இந்த வேலை. கோப்பில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இருந்தன. கையெழுத்தான நாளின் புகைப்படங்களும் இருந்தன. அந்த ஒப்பந்தங்களின் பேரில் போய்ப் படித்துவிட்டு வந்த மாணவர் ஒருவர்கூட இல்லை. கையெழுத்துக்கும் பயணத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான் நிதியும் அதன் தகுதி விதிகளும் கண்ணில் பட்டன.

எங்கள் கல்லூரிக்கு அதிகம் பயன்பட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம். 1987-ல் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்களோடு தொடங்கிய எராஸ்மஸ், முதலில் ஐரோப்பியப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குள் போய்வருவதற்கான ஏற்பாடுதான். 2004-ல் எராஸ்மஸ் முண்டுஸ் வந்தபோது மற்ற கண்டத்தாருக்கும் பெரிய அளவில் கதவு திறந்தது. 2014-ல் சிதறிக் கிடந்த பல திட்டங்களை ஒன்றாக்கி எராஸ்மஸ் பிளஸ் என்று பெயரிட்டார்கள். 2021 முதல் 2027 வரையிலான சுற்றுக்கு ஒதுக்கீடு சுமார் 2,600 கோடி யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், துருக்கி, செர்பியா, வட மாசிடோனியா ஆகிய ஆறும் முழு உரிமையுள்ளவை. இந்தியா 'திட்டத்துடன் இணைக்கப்படாத மூன்றாம் நாடு'. இலங்கை, நேபாளம், வங்கதேசம், வியட்நாம் முதலியவற்றோடு நாம் ஐந்தாம் மண்டலமான ஆசியாவில் வருகிறோம்.

இந்த ஒரு வரி எங்கள் அலுவலகத்தின் முழு ஆண்டு வேலையையும் தீர்மானிக்கிறது. ஒரு பருவம் மட்டும் போய்ப் படித்துவிட்டு அந்த கிரெடிட்டோடு திரும்பும் திட்டத்தில் இந்தியக் கல்லூரி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. எராஸ்மஸ் உயர்கல்விச் சாசனம் பெற்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் தன் நாட்டுத் தேசிய முகமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் உயர்கல்விக்கு அந்த முகமை டி.ஏ.ஏ.டி. ஸ்பெயினில் செபியே. நாம் செய்ய வேண்டியது அந்தப் பல்கலைக்கழகத்தோடு நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுவது மட்டும்.

எங்கள் தாளாளருக்கு இது பிடிக்கவில்லை. "நாம ஏன் நேரா போட முடியாது? நம்ம காலேஜுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார். குறைச்சல் எதுவும் இல்லை ஐயா, பணம் அவர்கள் வரிப்பணம், கணக்கும் அவர்கள்தான் ஒப்படைக்க வேண்டும், அதனால் கேட்கிற உரிமையை அவர்கள் நிறுவனத்துக்கே வைத்திருக்கிறார்கள் என்றேன். விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகு அவர்தான் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்டார்: "அப்ப அவங்க நம்ம பேரை எழுதணும்னா நாம என்ன செய்யணும்?"

அந்தக் கேள்விக்கான விடைதான் என் தொழில். விண்ணப்பத்தின் கடைசி நாள் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும், பிரஸ்ஸல்ஸ் நேரப்படி நண்பகல் 12 மணி, நமக்கு மாலை 4:30. ஆனால் எந்த நாட்டோடு, எந்தக் கல்லூரியோடு என்று ஐரோப்பிய அலுவலகங்கள் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே முடிவு செய்துவிடுகின்றன. ஜனவரியில் கடிதம் எழுதும் இந்தியக் கல்லூரிக்கு மரியாதையான பதில் வரும், இடம் கிடைக்காது. நாங்கள் ஆடி, ஆவணியிலேயே எழுதிவிடுவோம். ஒரே பக்கம்: எந்தத் துறைகள், அவர்கள் மாணவர் இங்கே வந்தால் எடுக்கக்கூடிய பாடங்கள், பருவம் தொடங்கும் நாள், முடியும் நாள், விடுதி வசதி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு. புகழுரை எதுவும் வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுதும் அந்த ஊர் அலுவலர் தம் படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு நம் கடிதத்தில் விடை இருந்தால் போதும். அவரும் நம்மைப் போல் கடைசி வாரத்தில் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவர்தான்.

நாமே விண்ணப்பிக்கக்கூடிய, ஏன், தலைமையே ஏற்கக்கூடிய பிரிவும் உண்டு. உயர்கல்வித் திறன் வளர்ப்புத் திட்டங்கள் அந்த வகை. பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க, ஆய்வகம் அமைக்க, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர நிதி கிடைக்கும். அதில் மூன்று படிகள். முதல் படிக்கு 2 முதல் 4 லட்சம் யூரோ, இரண்டாவதற்கு 4 முதல் 8 லட்சம், மூன்றாவதற்கு 6 முதல் 10 லட்சம். முதல் படியை, இதுவரை இத்தகைய நிதி பெற்ற அனுபவம் குறைந்த நிறுவனங்களை மனதில் வைத்தே வகுத்திருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள கல்லூரிகள் குறிவைக்க வேண்டியது இதைத்தான். ஆனால் கூட்டணியின் அமைப்பு விதியை நிறைவு செய்யாவிட்டால் மதிப்பீட்டாளர் விண்ணப்பத்தின் கருத்தைப் படிக்கவே மாட்டார். பல நாட்டுத் திட்டம் என்றால் ஐரோப்பியத் தரப்பில் குறைந்தது இரு வேறு நாடுகளின் உயர்கல்வி நிறுவனங்கள் வேண்டும். நம் தரப்பில் குறைந்தது இரு நாடுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரு நிறுவனங்கள். நம் தரப்பின் எண்ணிக்கை ஐரோப்பியத் தரப்பின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. அருமையான திட்ட யோசனையோடு வருகிற பேராசிரியரிடம் நான் முதலில் கேட்பது, "சார், கூட வருவது யார் யார், எந்த நாடு?" என்றுதான். பலர் அந்தக் கேள்வியில் சற்று வருத்தப்படுவார்கள். யோசனை மேல் அக்கறை இருப்பதால்தான் கேட்கிறேன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அந்த யோசனை யார் கண்ணுக்கும் படாமல் போய்விடும்.

அடுத்தது, விண்ணப்பத்தில் நிற்கும் 'நிறுவனம்' யார் என்பது. வெளியே இருப்பவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. எங்களுக்கு இதுதான் அதிக நேரம் எடுத்த வேலை. 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்த நாளிலிருந்து நம் நாட்டில் பாடம் நடத்துவது ஒரு இடம், பட்டம் தருவது இன்னொரு இடம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. ஐரோப்பிய அலுவலருக்கு இந்த ஏற்பாடு பழக்கமில்லாதது. அவர் ஊரில் பல்கலைக்கழகம் என்றால் பாடம், தேர்வு, பட்டம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே சட்ட உருவத்துக்குள் இருக்கும். இங்கே கல்லூரிக்குத் தனிச் சட்ட உருவம் இல்லை. அது ஓர் அறக்கட்டளை நடத்துவது. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஆட்களை நியமிப்பது தாளாளர். கல்வி விஷயத்தில் கையெழுத்து முதல்வருடையது.

ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் பதிவுசெய்யும்போது 9 இலக்கம் கொண்ட பி.ஐ.சி. எண் தருவார்கள். நிதி உறுதியாகும் கட்டத்தில் அந்த எண்ணுக்குரியவர் யார் என்று ஆவணம் கேட்பார்கள். பல கல்லூரிகளில் ஒவ்வொரு துறையும் தனித்தனியே ஒரு எண்ணைப் பதிவுசெய்துவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் கல்லூரியின் பெயர், ஒன்றில் அறக்கட்டளையின் பெயர், ஒன்றில் துறையின் பெயர். நான் எந்தக் கல்லூரிக்குப் பயிற்சி தரப் போனாலும் மூன்று வரிகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வேன். சட்டத்தின் முன் ஆளாக நிற்பது யார், பட்டம் தருவது யார், கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம். இந்த மூன்றுக்கும் ஆதாரமாக அறக்கட்டளைப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழக இணைப்பு ஆணை, தன்னாட்சி ஆணை, அதிகாரம் வழங்கும் தீர்மானம் ஆகியவை ஒரே கோப்பில் இருக்க வேண்டும். எண் ஒன்றுதான். அது கல்லூரி முழுமைக்கும்.

பணம் நம் கைக்கு வரும் திட்டம் என்றால் நம் நாட்டுச் சட்டமும் தகுதி விதியாகிவிடுகிறது. தனியார் அறக்கட்டளை வெளிநாட்டு மூலத்திலிருந்து நிதி பெற, 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு அமைப்பு குறைந்தது 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வந்திறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 20 ஆகக் குறைந்தது. பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. இந்தக் கடைசி விதியின் பொருளைக் கூட்டணி அமைப்பவர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். ஓர் இந்தியத் தனியார் கல்லூரி தலைமை ஏற்று, மற்ற இந்தியக் கூட்டாளிகளுக்குப் பங்கைப் பிரித்து அனுப்பும் வழி அடைபட்டுவிடுகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தலைமையில் இருந்து ஒவ்வொருவருக்கும் நேராக அனுப்புவதே பாதுகாப்பு. சட்டமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்கு உட்பட்ட அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே யோசனை பிறந்த அன்றே ஆடிட்டரைக் கூப்பிட்டுவிடுவேன். மாணவர் பரிமாற்றத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. மாதத் தொகை ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவரையே போய்ச் சேர்கிறது.

நாடுகளின் பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு பார்க்க வேண்டிய ஒன்று. 2014-ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு சுவிட்சர்லாந்து எராஸ்மஸுக்கு வெளியே போனது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் 2021-ல் புதிய சுற்று தொடங்கியபோது அதில் சேரவில்லை. 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய கவுன்சில் எடுத்த முடிவால், ஹங்கேரியில் பொதுநல அறக்கட்டளைகளின் கீழ் மாற்றப்பட்ட பல்கலைக்கழகங்களோடு புதிய நிதி ஒப்பந்தம் போட முடியாமல் போனது. அந்தப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் எந்தத் தவறும் செய்தவர்கள் இல்லை, ஆனால் கூட்டணிப் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை எடுக்க வேண்டியிருந்தது. போன ஆண்டின் வழிகாட்டியை வைத்து இந்த ஆண்டு யாருக்கும் பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் கறாரான பழக்கம்.

நிறுவனத்தின் தகுதி தீர்ந்த பிறகு ஆட்களின் தகுதி. இங்கேதான் மனம் அதிகம் ஈடுபடுகிறது. பருவப் பரிமாற்றத்துக்கு மாணவர் அனுப்பும் கல்லூரியில் பதிவுசெய்து படித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது 2 மாதம், ஒரு படிப்பு நிலைக்கு அதிகபட்சம் 12 மாதம். ஆசிரியர் பாடம் நடத்தப் போனால் குறைந்தது 5 நாள், வாரத்துக்கு 8 மணி நேரமாவது வகுப்பெடுக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. தேர்வு முறையைப் பற்றி எராஸ்மஸ் விதி சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் கல்வித் தரம், தரம் சமமாக இருந்தால் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவருக்கு முன்னுரிமை. வாய்ப்புக் குறைந்த மாணவருக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகவும் தரலாம். யாரை அந்த வகையில் சேர்ப்பது என்பதற்கு அந்தந்த நாட்டில் வரையறை இருக்கும். நாங்கள் தமிழ்நாடு அரசின் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழையும் மொழிபெயர்த்து, அவை எதைக் காட்டுகின்றன என்று ஒரு பத்தி எழுதி இணைப்போம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை என்பதற்கு அரசே சான்றிதழ் தருகிறது என்று அறிந்து வியந்த ஐரோப்பிய அலுவலர்கள் உண்டு.

இந்த விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் அறிவிப்பு எல்லோர் காதுக்கும் போக வேண்டும். துறைத்தலைவர் தமக்குத் தெரிந்த நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னால் அது தேர்வாகாது. எங்கள் அறிவிப்பு ஒவ்வொரு வகுப்பிலும் தமிழில் வாசிக்கப்படும், விடுதிப் பலகையில் ஒட்டப்படும். தேர்வுக் குழுவின் மதிப்பெண் பட்டியல் எல்லோரும் பார்க்க வெளியிடப்படும். அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களின் உறவுப் பிள்ளை விண்ணப்பித்தால், உறவினர் குழுவில் உட்கார மாட்டார் என்ற தீர்மானத்தைத் தாளாளரே கொண்டுவந்தார். அதற்காக அவரை எப்போதும் மதிக்கிறேன்.

தேர்வானபின் காகிதங்கள் தொடங்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செ. முத்துலட்சுமி என்று இருக்கும். ஆதாரில் முத்துலட்சுமி செல்வராஜ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. ஐரோப்பிய விண்ணப்பத் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதிய பெயர் ஒரே ஆளுடையதுதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் ஆகும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே தலைப்பெழுத்தை விரித்து, எல்லா ஆவணத்திலும் ஒரே வடிவத்தில் எழுத வேண்டும் என்று முதலாண்டு வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது பருவ நாட்கள். நம் இரட்டைப்படைப் பருவம் மே மாதத்தோடு முடியும். ஜெர்மனியில் கோடைப் பருவம் ஜூலை வரை போகும். அவர்கள் பருவம் ஒன்றுக்கு 30 ஈ.சி.டி.எஸ். கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம் மாணவரின் மொத்த உழைப்பு. நம் கிரெடிட் வகுப்பு மணி நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. அங்கே படித்த பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று போவதற்கு முன்பே எழுத்தில் உறுதியாக வேண்டும். 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்னும் அந்த ஒப்பந்தத்தில் மாணவர், இரு கல்லூரிகள் என மூன்று தரப்பும் கையெழுத்திடும். பாடத்திட்டக் குழுவும் தேர்வுக் கட்டுப்பாட்டாளரும் ஒப்புக்கொள்ளாமல் போன மாணவர், திரும்பிவந்து அதே பாடங்களை அரியர் போல எழுதிக்கொண்டிருப்பார். தன்னாட்சிக் கல்லூரிக்கு இதை முடிவு செய்யும் இடம் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் அனுமதியைக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எந்த வழிகாட்டியிலும் எழுதப்படாத ஒரு தகுதி உண்டு. கையில் முன்பணம். எராஸ்மஸ் பயண உதவி தூரத்தை வைத்துக் கணக்காகும். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் 8,000 கிலோமீட்டருக்குள் வருகிறது, லிஸ்பன் அதைத் தாண்டுகிறது. முன்பு முதல் வகைக்கு 820 யூரோவும் இரண்டாவதற்கு 1,500 யூரோவும் இருந்தன. 2024-ல் உயர்த்தினார்கள். மாதச் செலவுக்கு நாட்டைப் பொறுத்து 800 முதல் 900 யூரோ. தாளில் இது போதும். ஆனால் முதல் தவணை பல இடங்களில் மாணவர் அங்கே போய்ச் சேர்ந்து பதிவுசெய்த பிறகுதான் கணக்கில் விழும். டிக்கெட், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, முதல் மாத வாடகை எல்லாம் அதற்கு முன்பே வேண்டும்.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் என் எதிரே உட்கார்ந்து, "டீச்சரம்மா, பணம் அங்க தர்றாங்கன்னு சொன்னீங்க, இங்க கட்டச் சொல்றாங்களே" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். மகள் வகுப்பில் முதல் மாணவி. தேர்வுப் பட்டியலிலும் முதல் பெயர். நான் அந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பயணச் சீட்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக வாங்கித் தர விதியில் இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். மீதிச் செலவுக்குக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் வட்டியில்லாக் கடனாக ஒரு சுழல்நிதி ஏற்படுத்தியது. அந்தப் பெண் முதல் தவணை வந்த வாரமே கடனைத் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஒப்பந்தப் பேச்சிலும் முன்பணம் எப்போது, எப்படி என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். அதைக் கேட்காமல் ஏழைப் பிள்ளைக்கு முன்னுரிமை என்று எழுதுவதில் பயன் இல்லை.

விதி திறந்திருந்தும் போக முடியாமல் நின்ற ஒரு மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அவளுக்கு அது இல்லை. எராஸ்மஸ் பருவப் பரிமாற்றம் குடியுரிமையைக் கேட்பதில்லை, எங்கள் கல்லூரியில் படிக்கிறாளா என்று மட்டும் கேட்கிறது. ஆகவே அவள் முழுத் தகுதி உள்ளவள், தேர்வும் ஆனாள். ஆனால் பயணம் போக இலங்கைக் குடிமகளாகப் பதிவாகி அந்நாட்டுப் பாஸ்போர்ட் பெற வேண்டும், இந்தியாவுக்குத் திரும்பிவர அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் காலம் தேர்வுக்கும் பயணத்துக்கும் இடையிலான சில மாதங்களுக்குள் அடங்கவில்லை. திரும்பிவர முடியாமல் போனால் அம்மாவின் கதி என்ன என்று கேட்டாள். அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போனது. முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகளை இப்போது முதலாண்டிலேயே அழைத்துப் பேசுகிறோம். எந்தக் காகிதம், எந்த வரிசையில், எங்கே என்று எழுதிக் கொடுக்கிறோம், கூடவே ஒரு வழக்கறிஞரையும் அறிமுகப்படுத்துகிறோம். முகாம்களில் கல்வி கற்கும் தலைமுறைக்கு வெளிநாட்டுப் படிப்பும் எட்டக்கூடிய ஒன்றாக வேண்டும் என்று அரசிடம் கேட்பதற்கும் எங்களைப் போன்ற அலுவலகங்களுக்குப் பொறுப்பு உண்டு.

படிப்பை முடித்த பழைய மாணவர்களும் வருவார்கள். அவர்களுக்கு எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலை. அதில் மாணவர் தாமே நேராக விண்ணப்பிக்கலாம். இப்போதைய சுற்றில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், கல்விக் கட்டணம் இல்லை. இதிலும் விதிகள் மாறிவந்திருக்கின்றன. பழைய சுற்றில், கடந்த 5 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் ஐரோப்பாவில் தங்கியவர் வெளிநாட்டவருக்கான உதவித்தொகைப் பிரிவில் வர மாட்டார். நிறுவனம் அனுப்பி ஜெர்மனியில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் பழைய மாணவர் ஒருவருக்கு அது தடையானது. 2021 சுற்றில் அந்தப் பிரிவே நீங்கிவிட்டது. தகுதி இல்லை என்று பழைய நினைவில் ஒதுங்கியிருந்தவரைத் தேடிப்பிடித்து மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னோம். ஒரே குடியுரிமை உள்ளவர்களுக்கு மொத்த உதவித்தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பங்கள் குவியும் கணினித் துறைப் படிப்பையே எல்லோரும் நாடாமல், மண்ணியல், நீர் மேலாண்மை, ஜவுளிப் பொறியியல், தொல்பொருள் பாதுகாப்பு போன்றவற்றையும் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு நீர் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

போய்வந்த பிறகும் தகுதி தொடர்ந்து சோதிக்கப்படும். அங்கே இருந்த நாட்களுக்கான சான்றிதழில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்க வேண்டும். போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடக் கூடாது. 60,000 யூரோவுக்கு மேற்பட்ட மானியத்துக்குக் கடைசித் தவணை வந்த பிறகும் 5 ஆண்டுகள் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் 3 ஆண்டுகள். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் ஐரோப்பிய நிதி வாங்கக் கூடாது. இந்த ஒழுங்கைச் சுமை என்று நான் நினைத்ததில்லை. கணக்கு நேராக இருக்கும் கல்லூரிக்கு அடுத்த ஆண்டும் இடம் கிடைக்கிறது, அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை போகிறது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். அறிவிப்பு வந்த பிறகு தகுதியைத் தேடாதீர்கள். சட்ட ஆவணம், பி.ஐ.சி. எண், வெளிநாட்டு நிதிப் பதிவு, கிரெடிட் ஈடு பற்றிய தீர்மானம் ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. பெயர், பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ் ஆகியவை மாணவரின் பொறுப்பு. ஆனால் எப்போது, எப்படி என்று சொல்லித் தருவது நம் வேலை. வசதியுள்ள வீட்டில் இதைச் சொல்ல அப்பா இருப்பார், ஆலோசகர் இருப்பார். மற்ற பிள்ளைக்கு நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

இப்போதைய சுற்று 2027-ல் முடிகிறது. 2028 முதல் 2034 வரைக்கான அடுத்த எராஸ்மஸ் பிளஸுக்குச் சுமார் 4,000 கோடி யூரோ ஒதுக்க ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்திருக்கிறது. புதிய வழிகாட்டி வரும், பிரிவுகளின் பெயர் மாறும், விதிகளில் சில தளரும், சில இறுகும். 2025-ல் பொறியியல் சேர்ந்த பிள்ளைகள் அப்போது இறுதியாண்டில் இருப்பார்கள். அவர்களுக்கான வேலையை இப்போதே தொடங்கினால்தான் அன்று அவர்கள் பெயரைப் பட்டியலில் எழுத முடியும். அயலகத் தொடர்பு அலுவலகம் இல்லாத கல்லூரிகளில் இதை ஒரே ஓர் ஆசிரியர் மனம் வைத்தால்கூடத் தொடங்கிவிடலாம். வழிகாட்டி எல்லோருக்கும் இலவசம். தகுதிப் பகுதியைத் தமிழில் எழுதி, முதலாண்டு வகுப்பில் வாசித்துக் காட்ட ஒரு மணி நேரம் போதும்.